கணக்குச் சரி, படம் தவறு: 58 பேர் இருக்கும் வகுப்பில் இயற்பியலை எப்படிப் புரியவைப்பது?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். வடசென்னையில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக இயற்பியல் முதுகலை ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். இந்த ஆண்டு பதினோராம் வகுப்பு ‘அ’ பிரிவில் 58 பேர். பாடவேளை 40 நிமிடம் என்று பெயர். வருகைப் பதிவு, சுற்றறிக்கை, மாடிப்படி நெரிசல் எல்லாம் போக 33 நிமிடம் மிஞ்சினால் அன்று நல்ல நாள். பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு மேல்நிலையில் ஆங்கில வழிக்கு மாறியவர்கள்.

சிக்கலை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். நியூட்டனின் விதிகளை நடத்தி, பாடநூலின் பயிற்சிக் கணக்குகளையும் போட்டு முடித்த மறுநாள், கையிலிருந்த சாக்பீஸை மேலே எறிந்து பிடித்தேன். கையை விட்டு நீங்கிய பிறகு, அது இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும் வேளையில், அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும்படி கேட்டேன். காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்றும் சொன்னேன். வந்த 58 தாள்களில் 49-இல் மேல்நோக்கி ஓர் அம்பு இருந்தது. சிலர் அதற்கு ‘எறிந்த விசை’ என்று பெயரும் எழுதியிருந்தார்கள். இதே பிள்ளைகளில் பெரும்பாலோர் முந்தின நாள்தான், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக எறியப்பட்ட பந்து 20 மீட்டர் உயரம் வரை செல்லும் என்று (புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என வைத்துக்கொண்டு) பிழையில்லாமல் கணக்கிட்டவர்கள். அந்தக் கணக்கில் மேல்நோக்கிய விசை எதுவும் இல்லை. கீழ்நோக்கிய முடுக்கம் ஒன்றுதான் இருக்கிறது. அதைப் போட்ட கையே மறுநாள் இந்த அம்பையும் வரைகிறது.

நான் செய்தது, எல்லாரும் செய்வதுதான். தவறு என்று சொல்லி, சரியான படத்தைப் பலகையில் வரைந்து, எழுதிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துச் சாக்பீஸுக்குப் பதிலாகக் கிரிக்கெட் பந்தை வைத்துக் கேட்டபோது 44 பேர் மறுபடியும் அதே அம்பை வரைந்தார்கள்.

பாடத்திட்டத்தை மாற்றும் இடத்தில் நான் இல்லை. வகுப்பை இரண்டாகப் பிரிக்க இடமும் ஆளும் இல்லை. இருக்கும் 33 நிமிடத்துக்குள் என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். ‘செயல்வழியில் கற்பியுங்கள்’ என்ற பொதுவான அறிவுரை பயிற்சி முகாம்களில் வேண்டிய அளவுக்குக் கிடைத்துவிட்டது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.


தனிஊசல் (பதில்)

தம்பி, திருச்சியிலும் மதுரையிலுமாக 34 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சொல்லும் அந்த அம்பை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். முதல் இருபது ஆண்டுகள் அதை அழித்துக்கொண்டே இருந்தேன், அது திரும்பத் திரும்ப முளைத்துக்கொண்டே இருந்தது.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: அந்த அம்பு கவனக்குறைவால் வருவதில்லை. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பிலோப்போனஸ் என்பவர், எறிபவன் எறியப்படும் பொருளுக்குள் ஒரு விசையைப் பதித்து அனுப்புகிறான் என்று எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் பூரிதான் அதையே இன்னும் செம்மைப்படுத்தினார். கலிலியோவும் பைசாவில் இருந்த இளமைக் காலத்தில் இதையொட்டித்தான் சிந்தித்தார். அத்தனை பெரிய மூளைகள் நூற்றாண்டுக் கணக்கில் நம்பியதை உங்கள் வகுப்புப் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடித் தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். பலகையில் சரியான படத்தை ஒருமுறை வரைந்து காட்டினால் அது போய்விடும் என்று எதிர்பார்த்தது நம் தவறு.

பிற்காலத்தில் நான் இரண்டு காரியங்கள் செய்தேன். ஒன்று, விசைக்கு அம்பு போடும் எவரும் அதன் பக்கத்தில் ‘எதன் மேல், எதனால்’ என்று இரண்டு பெயர்களை எழுத வேண்டும் என்ற கட்டாயம். ‘சாக்பீஸின் மேல், பூமியால்’ என்று ஓர் அம்புக்கு எழுதிவிடலாம். மேல்நோக்கிய அம்புக்கு ‘சாக்பீஸின் மேல், கையால்’ என்று எழுதிய மறுகணமே, கை இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்வி பிள்ளைகளுக்குள்ளேயே எழும். அதற்கு அவர்கள் சொல்லும் பதில், ‘கை கொடுத்த விசை உள்ளே இருக்கிறது ஐயா’ என்பதாகத்தான் இருக்கும்.

அந்த இடத்தில்தான் நான் பல ஆண்டுகள் கோட்டைவிட்டேன். ‘உள்ளே ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிடுவேன். பிள்ளைக்கோ தன் கண்ணால் பார்த்ததை ஆசிரியர் இல்லை என்கிறாரே என்று தோன்றும். தேர்வுக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்று என்று இரண்டு இயற்பியலை வைத்துக்கொள்ளும். உண்மையில் உள்ளே ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதன் பெயர் உந்தம், அதாவது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது. கை கொடுத்தது, பொருளோடு செல்வது, வேகம் குறையக் குறையக் குறைவது, உச்சியில் சுழியாவது என்று பிள்ளை சொல்லும் இலக்கணம் எல்லாமே உந்தத்துக்குப் பொருந்தும். இரண்டாவது காரியம் இதுதான்: ‘நீ கண்டது சரி, அதற்கு விசை என்று பெயர் வைத்ததுதான் சரியில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் முகம் மாறுவதைக் காண்பீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயதானவன் பொறுத்துக்கொள்ளுங்கள். நகரப் பள்ளி ஒன்றுக்கு செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தேன். டேன்ஜென்ட் கால்வனோமீட்டரைக் (மின்னோட்டம் செல்லும் கம்பிச்சுருளின் நடுவே காந்த ஊசி வைத்த கருவி) கொண்டு புவிக்காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறைக் கண்டறியும் சோதனை. செய்த அத்தனை பேருக்கும் விடை ஒரு லட்சத்தில் 4 டெஸ்லா என்றே வந்திருந்தது, ஒரு தசமம்கூடப் பிசகவில்லை. கருவி இருந்ததோ இரும்புச் சட்டம் போட்ட மேசையில். காந்த ஊசியை அங்கிருந்து பக்கத்து மரமேசைக்கு நகர்த்தினால் ஆறு பாகை திரும்புகிறது! விடையை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ரீடிங்கை நிரப்பியிருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். என் பள்ளிக்குத் திரும்பியதும், சோதனைக்கு முன் விடையைச் சொல்வதை நிறுத்தினேன். ஒவ்வொரு இணையும் தன் விடையைப் பலகையில் எழுத வேண்டும் என்றேன். 3.1 முதல் 4.6 வரை எண்கள் வந்தன. சன்னல் கம்பிக்கு அருகில் உட்கார்ந்தவர்களின் எண்கள் ஏன் ஒரு பக்கமாகச் சாய்கின்றன என்று பிள்ளைகள் கேட்டதுதான் அந்த ஆய்வகத்தில் நடந்த முதல் உண்மையான இயற்பியல் உரையாடல்.


மின்விசிறி (பதில்)

ஐயா, நான் ஆசிரியர் இல்லை. தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்து, இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவன். பெரியவர் உந்தத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு நேர்ந்த ஒன்று நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ‘கரண்ட்’ என்றால் எல்லாமே அதுதான். கரண்ட் போகும், வரும். கரண்ட் பில் கட்டுவோம். பழைய ஃபிரிட்ஜ் கரண்டைத் தின்னும். பன்னிரண்டாம் வகுப்பில் மின்னோட்டம் என்ற பாடம் வந்தபோது, அதுதான் கரண்ட் என்று நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால், முதல் பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அடுத்ததற்கு விடும் என்று உறுதியாக நம்பினேன். ஓமின் விதிக் கணக்குகளில் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டேதான் இதை நம்பினேன்.

எங்கள் ஆசிரியை ஒருநாள் இரண்டு டார்ச் பல்புகளையும் இரண்டு அம்மீட்டர்களையும் கொண்டுவந்தார். (இப்போது அந்தக் குண்டு பல்புகள் எளிதில் கிடைப்பதில்லை, சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும்.) முதல் பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், இரண்டாவது பல்புக்குப் பின்னால் இன்னொன்று. சாவியை மூடுவதற்கு முன், இரண்டாவது அம்மீட்டர் என்ன காட்டும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதவைத்தார். நான் ‘பாதி’ என்று எழுதினேன். இரண்டு முள்ளும் 0.18 ஆம்பியரில் நின்றன. அப்படியென்றால் வீட்டில் எதற்குத்தான் பணம் கட்டுகிறோம் என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். ஆசிரியை அதற்காகவே காத்திருந்ததுபோல மின்வாரியத்தின் மீட்டர் அட்டையை எடுத்தார். அதில் எழுதப்படும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். அது ஆற்றல், மின்னோட்டம் அன்று. மின்னோட்டம் போன அளவே திரும்பி வருகிறது, வழியில் அது ஒப்படைக்கும் ஆற்றலுக்குத்தான் பில். 75 வாட் மின்விசிறி பதின்மூன்று மணி இருபது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட் ஆகும் என்று அன்று வீட்டில் கணக்குப் போட்டு என் அப்பாவிடம் காட்டினேன்.

நிறை, எடை இரண்டிலும் இதே தொல்லை உண்டு. கடையில் எடை போடுவது கிலோகிராமில்; பாடத்தில் கிலோகிராம் நிறைக்குத்தான், எடை என்பது பூமி இழுக்கும் விசை, அது நியூட்டனில். ஆங்கில வழிக்கு மாறியவர்கள் ஆங்கிலச் சொல்லைப் பாடமாக ஒப்பிப்பார்கள், ஆனால் யோசிப்பது வீட்டுச் சொல்லில்தான். அந்த வீட்டுச் சொல்லை வகுப்பில் ஒருமுறை வெளியே எடுத்து வைத்துப் பேசினால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம்.


நேரம்போதாது (பதில்)

எல்லாம் சரிதான். நான் நீட் பயிற்சி மையம் ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன், எனவே மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வில் 180 கேள்விகளுக்கு 180 நிமிடம்; இயற்பியலில் 45. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால், பிலோப்போனஸை நினைக்க நேரமில்லை. போட்டுப் போட்டுப் பழகிய கைதான் அங்கே நிற்கும். இன்னொன்று, வகுப்பில் ‘பேசுங்கள், விவாதியுங்கள்’ என்றால் வாயுள்ள பத்துப் பிள்ளைகள் பேசும், மற்ற 48 பேர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடம் முடியாமல் போனால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் டியூஷனுக்குப் போக வசதியில்லாத அந்த 48 பேரில்தான் இருப்பார்கள்.


பெஞ்சுவாரி (பதில்)

மேலே எழுதிய நண்பரின் இரண்டாவது கவலை நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. நான் கோவையில் கல்வியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்தல் முறைகளை நடத்துகிறேன்.

நண்பர் கரும்பலகை கண்டதை 1982-இல் ஜான் கிளமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், மேலே சுண்டப்பட்ட நாணயத்தை வைத்துப் பொறியியல் மாணவர்களிடமே கண்டார். 1992-இல் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய உடனுழைப்பாளர்களும் விசை பற்றிய இத்தகைய கருத்துகளைச் சோதிக்க ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் கணக்கே கிடையாது. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற பேராசிரியர், தம் மாணவர்கள் அதிலெல்லாம் தடுமாறமாட்டார்கள் என்று நம்பிக் கொடுத்துப் பார்த்து ஏமாந்தார். ஒரு மாணவி அவரிடம், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். உங்கள் 49 பேரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது.

மசூர் வகுத்த முறையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஒரு கேள்வியும் நான்கு விடைகளும் பலகையில் இருக்கும். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து, பேசாமல் வாக்களிக்க வேண்டும். பிறகு வேறு விடை சொன்ன பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் வாதிட்டுவிட்டு மறுபடியும் வாக்களிக்க வேண்டும். அங்கே கருவிகளை வைத்து வாக்கெடுத்தார்கள்; நமக்கு விரல்கள் போதும். விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், தலைக்குமேல் தூக்கினால் முன்பெஞ்சைப் பார்த்துப் பின்பெஞ்சு வாக்களித்துவிடும். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விவாதிப்பதில்லை என்பதால் வாயுள்ள பத்துப் பேர் ஆதிக்கம் செலுத்த முடியாது. 58 பேரும் ஒரு விடைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தாக வேண்டும். வாதத்தைத் தமிழில் நடத்தவிடுங்கள், எழுதும்போது ஆங்கிலம் வரட்டும். முதல் வாக்கில் சரியான விடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் பேசவிடுவதில் பயனில்லை, சிறிது விளக்கிவிட்டுப் பிறகு பேசவிட வேண்டும்.

இதனால் கணக்குப் போடும் திறன் கெடுமா என்பதற்கு ஒரு பெரிய ஒப்பீடு இருக்கிறது. 1998-இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளின், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வுகளைத் தொகுத்தார். முன்தேர்வில் தெரியாதிருந்ததில் எவ்வளவு பங்கு பின்தேர்வில் தெரிந்தது என்று பார்த்தபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர்கள் பங்கெடுத்த வகுப்புகளில் 0.48. கணக்குத் திறனைச் சோதித்த இடங்களிலும் பின்னடைவு தெரியவில்லை. அவை அமெரிக்க வகுப்புகள், 58 பேர் நெருக்கியடித்து உட்காரும் நம் பெஞ்சுகள் அல்ல. அந்த எண்களை அப்படியே இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் பெஞ்சு நெருக்கமாக இருப்பது பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கு வசதிதான்.

மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பின் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண்; அதில் 15 கேள்விகள் சரியான விடையைத் தேர்வு செய்யும் ஒரு மதிப்பெண் வினாக்கள். எப்படியும் அவற்றைப் பயிற்சிக்காக நடத்துகிறோம். அந்த நேரத்தையே இதற்கு எடுத்துக்கொண்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. தவறான விடைகளை மட்டும் நீங்களே புனையாதீர்கள். பிள்ளைகளின் தாள்களிலிருந்து எடுங்கள்.


கரும்பலகை (தொடர்ச்சி, ஐந்து வாரங்களுக்குப் பின்)

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

வாரத்துக்கு இரண்டு கேள்விகள் என்று தொடங்கினேன். முதல் கேள்வி அதே சாக்பீஸ்தான். வந்திருந்த 56 பேரில் முதல் வாக்கில் 11 பேருக்குத்தான் சரி. எனவே ஐயா தனிஊசல் சொன்ன ‘எதன் மேல், எதனால்’ விதியை அறிமுகப்படுத்தி, மறுபடி விரல் காட்டச் சொன்னேன். 24 ஆனது. பிறகு பேசவிட்டேன். நான்காம் பெஞ்சில் ஒரு மாணவி பக்கத்திலிருந்தவளிடம், ‘பெடல விட்டப்புறமும் சைக்கிள் போவுதுல்ல, அப்ப யாரு தள்ளுறா?’ என்று கேட்டதை நின்று கேட்டேன். அவள் அதைத் தன் தவறான விடைக்கு ஆதரவாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டு முடித்ததும் அவளே சற்று நிறுத்தி, ‘யாரும் தள்ளல’ என்றாள். பேசி முடித்த பின் எடுத்த வாக்கில் 39. மொத்தம் பதினெட்டு நிமிடம் ஆயிற்று, ஒரு பாடவேளைக்கு இது அதிகம்தான். மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்பது நிமிடத்துக்குள் முடிகிறது.

‘இ’ பிரிவில் இது சரியாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதிய உணவுக்குப் பின் வரும் கடைசிப் பாடவேளை அது. பேசவிட்டால் வேறு பேச்சுத்தான் நடந்தது. அங்கே வாக்கெடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, வாதத்தைத் தாளில் எழுதவைக்கிறேன்.

நிலைமம் (விசை செயல்படாதவரை பொருள் தன் நிலையை மாற்றிக்கொள்ளாத இயல்பு) பாடத்துக்காக ஒரு காரியம் செய்தேன். பல்லாவரத்திலிருந்து கடற்கரைக்கு வரும் மின்ரயிலில், அரை மீட்டர் நூலில் வீட்டுச் சாவியைக் கட்டி, மேலே இருக்கும் கம்பியிலிருந்து தொங்கவிட்டேன். பக்கத்தில் அளவுகோல். வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது சாவி பின்னோக்கிச் சாய்ந்து, ஆட்டத்தின் நடுவே சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர் விலகி நின்றது. ஐம்பதில் இரண்டரை என்றால் இருபதில் ஒரு பங்கு. எனவே வண்டியின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது வினாடிக்கு வினாடி ஏறத்தாழ அரை மீட்டர். பக்கத்தில் நின்ற பயணி ஒருவர் இது எதற்கான பரிகாரம் என்று கேட்டார்! கைப்பேசியில் எடுத்த படத்தை வகுப்பில் ஓடவிட்டு, ‘சாவியைப் பின்னால் தள்ளுவது யார்?’ என்று கேட்டேன். ‘சாவியின் மேல், யாராலும் இல்லை’ என்று எட்டுப் பேராவது எழுதியிருந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

சென்ற வாரம் திருப்புதல் தேர்வில் மீண்டும் மேலே எறிந்த பந்தைக் கேட்டேன். 58-இல் 17 பேர் இன்னமும் மேல்நோக்கி அம்பு வரைகிறார்கள். அந்தப் பதினேழில் ஒரு தாளைப் பற்றித்தான் இப்போது கேட்க வேண்டும். அந்த மாணவன் கீழ்நோக்கிய அம்பைப் பேனாவால் வரைந்து ‘பந்தின் மேல், பூமியால்’ என்று எழுதியிருக்கிறான். மேல்நோக்கிய அம்பைப் பென்சிலால் மெல்லியதாக வரைந்து ‘உந்தம்’ என்று எழுதியிருக்கிறான். விடைக்குறிப்பின்படி படத்தில் ஓர் அம்புதான் இருக்க வேண்டும். மதிப்பெண் கொடுப்பதா, குறைப்பதா?


தனிஊசல் (பதில்)

கொடுங்கள் தம்பி. கொடுத்துவிட்டு அவனைக் கூப்பிட்டு, இரண்டு அம்புக்கும் பக்கத்தில் அலகை எழுதச் சொல்லுங்கள். ஒன்றுக்கு நியூட்டன், மற்றொன்றுக்குக் கிலோகிராம் மீட்டர் வகுத்தல் வினாடி. எழுதி முடித்ததும், இந்த இரண்டையும் ஒரே படத்தில் ஒன்றோடொன்று கூட்டவோ கழிக்கவோ முடியுமா என்று மட்டும் கேளுங்கள். பொதுத்தேர்வில் அந்தப் பென்சில் அம்பைப் போடாமல் விட வேண்டும் என்பதை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.